கழுத்தளவு

ஷாத்தோ பெய்ரலோங், சோத்தேர்ன்.
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தைந்தில்
தரம் பிரித்தபோது பட்டியலில் ஏறிய பெயர்.
இன்னும் இறங்கவில்லை.
கூரையில் ஓடுகள்தான் இறங்கிக்கொண்டிருக்கின்றன.

தகப்பன் போய் ஏழு வாரம்.
மகன் எவ்ரார், மகள் ஒதீல்.
நடுவே நான்,
போர்தோ ஏலக்கடையிலிருந்து
டார்ச்சும் பேனாவுமாக
விலை சொல்ல வந்தவன்.

நிலவறையில் புட்டிகளுக்கும் உடம்பு உண்டு.
மது கழுத்தளவு நின்றால் முழு விலை.
தோளுக்கு இறங்கினால் பாதி.
தோளுக்கும் கீழே என்றால்
ஒதீலின் முகத்தைப் பார்க்காமல் எழுதுவேன்.
விளக்கைப் பின்னால் பிடித்தால் வயது தெரியும்:
வைக்கோல், தேன், ஆறிய தேநீர்,
அப்புறம் பழைய வயலினின் முதுகு.

வெளியே சிரோன் ஓடையின் மூடுபனி
கொடிகளுக்குள் முழங்காலளவு.
ஆட்கள் மூன்றாம் சுற்றுக்குக் காத்திருக்கிறார்கள்.
குலைகுலையாக வெட்டுகிற வேலையில்லை இது.
சுருங்கி, சாம்பல் பூத்து,
பார்த்தால் கை பின்வாங்கும் பழங்களை மட்டும்
ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும்.
மற்ற ஊர்களில் திராட்சை அழுகினால் அழுவார்கள்.
இந்த ஊரில் அழுகாவிட்டால் அழுவார்கள்.
இத்தனைக்கும் ஒரு கொடிக்கு ஒரு கோப்பைதான்,
அதுவும் மழை சம்மதித்தால்.

"எழுபத்தாறு?" என்றான் எவ்ரார்.
பன்னிரண்டு. அசல் மரப்பெட்டி.
ஆணியை நான்தான் பிடுங்கினேன்.
எல்லாம் கழுத்தளவு.
ஜெனீவாவில் எனக்கு ஒரு பல் மருத்துவர் இருக்கிறார்,
எழுபத்தாறு என்றால் பேரம் பேசமாட்டார்.
ஊரார் வாயையெல்லாம் திறப்பவர்
புட்டியை மட்டும் திறப்பதில்லை.
சுங்கவரி இல்லாத கிடங்கில்
யாருடையவோ ஓவியங்களுக்குப் பக்கத்தில்
அவை படுத்திருக்கும்.

என் பிழைப்பே இப்படித்தான்:
எங்கோ யாரோ குடித்துவிடும்போதெல்லாம்
குடிக்காதவரின் சொத்து ஏறுகிறது.
ஏதோ ஒரு கல்யாணத்தில்,
ஏதோ ஒரு சண்டை தீர்ந்த ராத்திரியில்
தக்கை கழலும் ஓசை எனக்குக் கேட்காது.
மறு வருடப் பட்டியலில் தெரியும்.

ஒன்பதாவது புட்டியை நிமிர்த்தினேன்.
மேல்தகடு ஏற்கெனவே கிழிந்திருந்தது.
தக்கை, மரியாதையாக,
சத்தமே போடாமல்
உள்ளே விழுந்தது.

யாரும் பேசவில்லை.
அறுநூறு யூரோவில் கொஞ்சம்
என் மணிக்கட்டில் வழிந்துகொண்டிருந்தது.
ஒதீல்தான் மேலே ஓடி
கடுகு விழுது வாங்கியபோது வந்த தம்ளர்கள்
மூன்றைக் கொண்டுவந்தாள்.
அந்நேரம் பார்த்து
வாளி அறைச் சாவி கேட்டுப் படியிறங்கினாள்
மாரீஸ் லஸ்பெய்ர், பறிப்பவர்களின் மேஸ்திரி.
எழுபத்தாறில் அவளுக்குப் பதினேழு.
அப்போதும் இதே வரிசைகள், இதே கத்தரிக்கோல் காய்ப்பு.
நான்காவது தம்ளர் இல்லை.
என்னுடையதில் பாதியை அவளுக்கு நீட்டினேன்.

ஆரஞ்சுத் தோல். குங்குமப்பூ.
கருகப்போகிற கணத்தில் அடுப்பணைத்த சர்க்கரை.
இனிப்பு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது
நாக்கின் ஓரத்தில் எலுமிச்சை போட்ட ஒரு கீறல்.
இருபது வருடமாக விலை சொல்கிறேன்,
எழுபத்தாறைக் குடித்தது இன்றுதான்.

எவ்ரார் கண்ணை மூடிக்கொண்டான்.
அப்பா என்று ஏதோ சொல்லப்போகிறான்,
நான் பேனாவை மூடினேன்.
"மீதிப் பதினொன்றுக்கு விலை ஏறுமா?" என்றான்.
பெட்டி குறைப்பட்டதில் இறங்கும்,
ஒன்று தீர்ந்ததில் ஏறும்,
சரிக்குச் சரி என்றேன்.
அது உண்மையில்லை. இறங்கும்தான்.

மாரீஸ் இன்னும் விழுங்கவில்லை.
தெற்குச் சுவர் இருக்கும் பக்கமாகத் தலையைத் திருப்பி,
அதற்கும் அப்பால் எதையோ பார்த்தபடி
வாயில் வைத்திருந்தாள்.

பிறகு,
"ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம்.
சரிவில் அவசரப்பட்டுட்டோம்.
அன்னைக்கே சொன்னேன்,
சின்னப் பெண் பேச்சை யார் கேட்டா?" என்று
தம்ளரைப் பெட்டி மேல் வைத்தாள்.
சாவியை வாங்கிக்கொண்டாள்.

பனி விலகுகிறதாம்,
போகணுமாம்.